ஒரே பள்ளத்தில் இரண்டு வழிகள்

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. முற்பகல் 11.40 மணிக்கு மும்பையில் தேசியப் பங்குச் சந்தை வர்த்தகத்தை நிறுத்தியது. மறுபடி தொடங்கியபோது மணி பிற்பகல் 3.45. வழக்கமாக 3.30க்கு மூடும் சந்தை அன்று மாலை 5 மணிவரை நடந்தது.

சந்தையின் முதன்மைக் கணினி மையம் பாந்திரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. அதற்குத் துணையான மையம் அருகிலேயே குர்லாவில். இரண்டுக்கும் நடுவே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைக் கொடுத்திருந்தது. அன்று இரு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின. இரண்டு மையங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் நடந்த தோண்டும் வேலையும் கட்டுமானமும்தான் காரணம் என்று பிறகு தெரிவிக்கப்பட்டது.

வர்த்தகக் கணினிகள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. தடுமாறியது ஸ்டோரேஜ், அதாவது எல்லாக் கணினிகளும் சேர்ந்து பயன்படுத்தும் தரவுச் சேமிப்புத் தொகுதி. முதன்மை மையத்தில் எழுதப்படுவதைத் துணை மையத்திலும் அது பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. இணைப்பு போனால் தனியாக வேலையைத் தொடர வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. அது தொடரவில்லை, கணினிகளுக்கு எட்டாமல் போனது. அதனால் இடர் மேலாண்மை அமைப்பு நின்றது. வாங்குபவரிடமும் விற்பவரிடமும் போதிய பிணையம் இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் சரிபார்ப்பது அந்த அமைப்பு. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது. ஆக, பாதுகாப்புக்காகப் போட்ட இணைப்பு அறுந்தது. பாதுகாக்கப்பட வேண்டியது நின்றது.

சந்தைக்கு மூன்றாவதாக ஒரு மையமும் உண்டு. பேரிடர் மீட்பு மையம் என்று பெயர். கணினிக்காரர்கள் டி.ஆர். என்பார்கள். அது சென்னையில் இருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தில் வேலை சென்னைக்கு மாற்றப்படவில்லை.

பங்குச் சந்தை நின்றால் தலைப்புச் செய்தி. இதே அமைப்பு, இதே குறைகளுடன், சிறிய அளவில், தலைப்புச் செய்தியாகாத இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஓர் ஊர் முசிறி. அது காவிரியின் வடகரையில் இருக்கிறது. எதிர்க்கரை குளித்தலை, கரூர் மாவட்டம். திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். ஒரு தலைமுறைக்கு முன்பு முசிறிக்காரர் உதவி கேட்டு அழைத்த எண்கள் பெரும்பாலும் முசிறியிலேயே ஒலித்தன: மின்வாரிய அலுவலகம், அரசு மருத்துவமனை, காவல் நிலையம். இப்போது நிலைமை வேறு. 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அழைப்புகளை ஏற்கும் கட்டுப்பாட்டு அறை சென்னையில். மின்தடைப் புகார்களுக்கான மின்னகம் 2021 ஜூன் 20 அன்று தொடங்கியது, அதுவும் சென்னையில். முசிறியில் கம்பி அறுந்து தெருவில் கிடந்தால், மின்னகத்தை அழைப்பவரின் குரல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. புகார் அத்தனை தூரமும் திரும்பி முசிறிக்கே வருகிறது. தனியார் மருத்துவமனைகள், வங்கிகள், நிதி நிறுவனங்கள் எல்லாம் இதே பாதையில் போயிருக்கின்றன. கிளை முசிறியில், தலைமை திருச்சியில் அல்லது சென்னையில், தொலைபேசி சர்வர் எங்கோ ஒரு கணினி மையத்தில்.

இதில் தவறில்லை. ஒரே இடத்தில் நல்ல கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருப்பது ஐம்பது இடங்களில் அரைகுறையாக இருப்பதைவிட மேல். ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர், இடையில் இருக்கும் கேபிளில் இருக்கிறது.

இந்த அமைப்பில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பகுதி வாய்ஸ் மெயில் எனப்படும் குரலஞ்சல். பீப் ஒலிக்குப் பிறகு பேசச் சொல்லி, பேசியதைப் பதிந்துவைக்கும் சர்வர். கைப்பேசிக்காரர்களிடம் அது இங்கே பரவவில்லை. மருத்துவமனைகள், ஆலைகள், பெரிய அலுவலகங்களின் உள் தொலைபேசியில் பரவியது. அழைப்பை எடுக்க ஆள் இல்லாத நேரத்தில்தான் அதற்கு வேலை: இரவு, ஞாயிறு, பண்டிகை நாள். திட்டமிடும்போது அதைக் கடைசி வரியில் எழுதுவார்கள். மின்னஞ்சல், பில் போடும் மென்பொருள், நோயாளி விவரம் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வாங்கியபின் மிச்சமிருக்கும் பணம் இதற்கு வரும்.

அழைப்பு போகவே இல்லை என்றால் அழைத்தவருக்கு அது தெரியும். வேறு எண்ணைத் தேடுவார், ஆளை அனுப்புவார். குரலஞ்சலில் பதிவாகிவிட்டால் அப்படிச் செய்ய மாட்டார். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணுவார். அமைப்பு அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவமனைக் குழுமம். குரலஞ்சல் சர்வர் ஒன்று சென்னையில், இன்னொன்று திருச்சியில். இரண்டும் ஒன்றையொன்று பிரதி எடுக்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும். இதற்குப் பெயர் ஃபெயிலோவர். எப்படித் தெரியும் மற்றது விழுந்துவிட்டது என்று? சில நொடிகளுக்கு ஒருமுறை ஒன்று மற்றதற்கு ஒரு சிறு சமிக்ஞை அனுப்பும். இதயத் துடிப்பு என்பார்கள். தொடர்ந்து சில துடிப்புகள் வரவில்லையென்றால் மற்றது இறந்துவிட்டதாக முடிவு செய்யும்.

எதிர்முனை சர்வர் இறந்தாலும் துடிப்பு வராது. இடையில் கேபிள் அறுந்தாலும் துடிப்பு வராது. இந்த முனையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டே சர்வர்கள் உள்ள ஏற்பாட்டில் இதைப் பிரித்தறிய வழி இல்லை. எவ்வளவு விலை கொடுத்தாலும் இல்லை. மூன்றாவதாக ஓர் இடத்தில், வேறு வழியில் இணைந்த ஒரு சாட்சிக் கணினி இருந்தால் மட்டுமே முடியும்.

இரவு 9.10. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே எங்கோ கேபிள் அறுகிறது. 9.11. சென்னை இறந்துவிட்டது என்று திருச்சி முடிவு செய்கிறது. திருச்சி இறந்துவிட்டது என்று சென்னை முடிவு செய்கிறது. இரண்டும் தலைமையை ஏற்கின்றன. ஸ்பிளிட் பிரெய்ன், பிளவுண்ட மூளை என்று இந்த நிலைக்குப் பெயர். 9.52. முசிறிக் கிளையில் சேர்க்கப்பட்ட ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு சென்னை ஆய்வகத்தில் வருகிறது. பொட்டாசியம் 6.8. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவு. ஆய்வகத் தர விதிகள் இதை உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. ஆய்வகப் பணியாளர் முசிறி டூட்டி டாக்டரின் நீட்டிப்பு எண்ணை அழைக்கிறார். இணைப்பு இல்லாததால் சென்னை சர்வர் அதைக் குரலஞ்சலுக்குத் திருப்புகிறது. பெயர், படுக்கை எண், அளவு, நேரம் எல்லாவற்றையும் அவர் தெளிவாகச் சொல்கிறார். பதிவேட்டில் ‘தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதுகிறார்.

10.30. முசிறியில் டாக்டர் தன் மேஜைத் தொலைபேசியைப் பார்க்கிறார். செய்தி வந்திருந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. சந்தேகத்துக்குக் குரலஞ்சலை அழைத்தும் கேட்கிறார். திருச்சி சர்வர் பதில் சொல்கிறது: புதிய செய்தி எதுவும் இல்லை. அதைப் பொறுத்தவரை அது உண்மை. காலை 6.25. கேபிள் சரியாகிறது. இரண்டு சர்வர்களும் தங்களிடம் உள்ளதை ஒப்பிட்டு ஒன்றாக்கிக்கொள்கின்றன. சிவப்பு விளக்கு எரிகிறது. செய்தியின் நேரம்: இரவு 9.52.

இந்த இரவில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எந்தச் செய்தியும் அழியவில்லை. அந்தந்த ஊரின் கண்காணிப்புத் திரையில் அந்தந்தச் சர்வர் பச்சையாகவே இருந்திருக்கும்.

தூரம் இங்கே பிரச்சினை இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. திருச்சியிலிருந்து சென்னை போய்த் திரும்ப மூன்றரை மில்லிவிநாடி போதும். கேபிள் சுற்றிப்போனாலும் பத்தைத் தாண்டுவது அபூர்வம். இந்தத் துறையில் பரவலாகப் புழங்கும் சிஸ்கோவின் யூனிட்டி கனெக்‌ஷன் என்ற குரலஞ்சல் மென்பொருள் இரண்டு தளங்களுக்கு இடையே 150 மில்லிவிநாடிவரை தாமதத்தை ஏற்கிறது. அதே வழிகாட்டி, ஒரே நேரத்தில் 50 அழைப்புகளைக் கையாளும் அளவுக்கு 7 மெகாபிட் அகலம் வேண்டும் என்கிறது.

இடிப்பது இந்த அகலம்தான். சுருக்காமல் அனுப்பும் ஒரு தொலைபேசிக் குரலுக்கு, உறைத் தகவல்களையும் சேர்த்து, சுமார் 87 கிலோபிட் வேண்டும். சாதாரண நாளில் திருச்சி அழைப்புகள் திருச்சியிலேயே முடிகின்றன. சென்னை இணைப்பில் பிரதி மட்டும் போகிறது. திருச்சி சர்வர் விழும் நாளில் அத்தனை குரல்களும் அந்த இணைப்பில் ஏறுகின்றன. முதன்மை இணைப்பும் போய், சிக்கனமாக வாங்கிவைத்த 2 மெகாபிட் மாற்று இணைப்பில் ஓடினால் 22 அழைப்புகள் போகும், வேறெதுவும் அதில் போகாவிட்டால். 23ஆவது அழைப்பு வரும்போது அது மட்டும் கெடுவதில்லை. எண்ணிக்கைக் கட்டுப்பாடு போடப்படாத இணைப்பில் 23 குரல்களும் துண்டுதுண்டாகும். பேரிடர் நாளில்தான் அதிகம் பேர் அழைப்பார்கள்.

எண் எங்கே வந்து இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முசிறியின் தொலைபேசிக் குறியீடு 04326. அந்தக் குறியீட்டில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் எண், ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்குள் வரும் பி.ஆர்.ஐ. என்ற 30 குரல் வழிகள் கொண்ட லைனில் பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். சென்னை சர்வர் திருச்சி சர்வரின் வேலையைக் கச்சிதமாக ஏற்றுக்கொண்டாலும், எண் வந்து இறங்கும் கட்டடத்தில் மின்சாரம் இல்லையென்றால் சென்னைக்கு ஏற்றுக்கொள்ள அழைப்பே வராது. எண்ணை வேறிடத்துக்குத் திருப்பத் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சர்வர் ஃபெயிலோவர் வாங்குபவர்களில் பலர் இதைத் தனியாக வாங்க வேண்டும் என்று அறிவதே ஒருமுறை நின்ற பிறகுதான்.

இனி கேபிள் போகும் வழி. முசிறியிலிருந்து திருச்சிக்கு நிலத்தில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று வடகரையில் குணசீலம் வழியாகக் கிழக்கே வந்து கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் தீவைக் கடந்து, காவிரியைத் தாண்டி நகருக்குள் நுழைவது. மற்றது முசிறியிலேயே பாலமேறிக் குளித்தலைக்குப் போய்த் தென்கரையில் பெட்டவாய்த்தலை, ஜீயபுரம் வழியாக வருவது. கேபிள் பொதுவாகச் சாலையோரம் போகிறது. ஆற்றைத் தாண்டும் இடத்தில் பாலத்தை ஒட்டிய குழாய்க்குள் போகிறது. வரைபடத்தில் இவை முற்றிலும் வேறு வேறு பாதைகள். ஆறு ஒன்றுதான்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. மூன்றாம் வாரத்தில், கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் மதகுகளில், 45இல் 9 அடித்துச் செல்லப்பட்டன. அந்த அணை 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. 182 ஆண்டுகள் நின்றிருந்தது. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் மறுபடி வெள்ளம் வந்தபோது ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்து விழுந்தது. இரும்புப் பாலம் 2016 முதலே வாகனம் போகாத பாலம் என்பதால் 2018இல் யாரும் அதில் இல்லை. இந்த இடிபாடுகளுக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் ஆற்றுப் படுகையில்: மணல் குறைந்து, நீரோட்டம் அடித்தளத்தை அரித்தது. அந்தப் படுகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். ஜேசிபி தினமும் வருகிறது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, சாலை அகலப்படுத்தல், மின்புதைவடம் என எல்லாவற்றுக்கும் பள்ளம் வேண்டும். சாலையோர நிலம் குறுகியது. அனுமதி வாங்குவது கடினம். ஆகவே ஒரு நிறுவனம் தோண்டிய பள்ளத்தில் இன்னொரு நிறுவனமும் குழாய் போட்டுக்கொள்கிறது. சில இடங்களில் குழாயே ஒன்றுதான்; ஒரு நிறுவனத்தின் இழைகளை இன்னொன்று வாடகைக்கு எடுத்திருக்கும். வாடிக்கையாளர் கையில் இரண்டு நிறுவனங்களின் பில் இருக்கும். மண்ணுக்கடியில் ஒரே கேபிள் இருக்கும்.

அறுந்த கேபிளைச் சேர்ப்பது நுணுக்கமான வேலை. ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து, அறுந்த இடம் எத்தனை மீட்டரில் என்று ஒரு கருவி சொல்லும். அங்கே போய்த் தோண்டி, இரு முனைகளையும் மேலே எடுத்து, ஒவ்வோர் இழையாகச் சேர்க்க வேண்டும். ஓர் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. உறை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்ட ஓர் இழைக்குச் சில நிமிடங்கள். 48 இழைக் கேபிள் என்றால் 48 முறை. மழையில், இரவில், பள்ளத்தில் நீர் ஊறும்போது இதைச் செய்ய முடியாது. கூடாரம் போட்டு, நீரை இறைத்த பிறகே முடியும்.

தொலைதூர மாற்று மையம் இருந்தும் மாறாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாற வேண்டும் என்று யாராவது அல்லது ஏதாவது முடிவெடுக்க வேண்டும்.

2014 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் எங்கிள்வுட்டில் இருந்த ஒரு மையம், அவசர எண் 911க்கான அழைப்புகளைப் பிரித்தனுப்புவதை நிறுத்தியது. அழைப்புகளுக்கு வரிசை எண் கொடுக்கும் எண்ணிக்கைக்கு மென்பொருளில் 4 கோடி என்று ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அன்று எண்ணிக்கை அதைத் தொட்டது. மயாமியில் மாற்று மையம் தயாராக இருந்தது. ஆனால் எங்கிள்வுட் சர்வர் இறக்கவில்லை. அழைப்பு மட்டும் போகவில்லை. எழுந்த எச்சரிக்கைகளை அமைப்பு தாழ்ந்த தரத்தவை என்று வகைப்படுத்தியது. ஆறு மணி நேரம் கழித்துப் பொறியாளர்கள் கையால் மயாமிக்கு மாற்றினார்கள். ஏழு மாநிலங்களில் 1 கோடியே 10 லட்சம் பேருக்குச் சேவை இல்லை. 6,600க்கு மேற்பட்ட அழைப்புகள் போகவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டுக்குள் ஒருவன் நுழைய முயன்றபோது ஒரு பெண் 37 முறை அழைத்தார்.

2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு தரவு மையம் தீப்பிடித்தது. நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்தும் காகாவ் செயலி நின்றது. தரவுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. பிரதிக்கு மாறுவதற்கான நிர்வாகக் கருவிகள் தீப்பிடித்த மையத்திலேயே இருந்தன. முழுமையாக மீள 127 மணி நேரமானது.

முசிறி மருத்துவமனைக்கு இது எப்படிப் பொருந்தும்? மாற்று மையத்துக்கு மாற்றும் கடவுச்சொல் தெரிந்தவர் திருச்சியில் ஒருவர் இருப்பார். நள்ளிரவில் அவரை எழுப்ப வேண்டும். அவருடைய எண், அலுவலகத் தொலைபேசி அடைவில் இருக்கும். அடைவு, விழுந்த சர்வரில் இருக்கும்.

மும்பை நிறுத்தத்துக்குப் பின், 2021 மார்ச்சில், பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அவற்றுக்கான விதியை மாற்றியது. முக்கிய அமைப்பு எதுவும் நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும். இழக்கும் தரவு 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. 2023இல் தேசியப் பங்குச் சந்தையும் அதன் தீர்வு நிறுவனமும் 2021 பிப்ரவரி 24 நிறுத்தம் தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தின. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சிறப்பு வர்த்தகம் நடந்தது: காலை 9.15 முதல் 10 வரை முதன்மை மையத்தில், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்தில். உண்மையான பணம், உண்மையான பங்குகள். ஒத்திகைக்கு இதைவிடக் கறாரான வழி இல்லை.

அந்த விதி பங்குச் சந்தைகளுக்கும் தீர்வு நிறுவனங்களுக்கும் பங்கு வைப்பகங்களுக்கும் உரியது. முசிறியில் ஒரு மருத்துவமனையின் இரவு எண்ணுக்கு அது பொருந்தாது. அதற்குப் பொருந்துவது இணைப்புக் கொடுத்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம். அதில் பெரும்பாலும் ஒரு சதவீதம் இருக்கும். 99.5 என்று வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள அரை சதவீதம் ஆண்டுக்கு 43 மணி 48 நிமிடம். ஆண்டுக் கணக்கில் அளக்கும் ஒப்பந்தத்தில், இந்த நேரம் முழுவதும் ஒரே வெள்ளத்தில், ஒரே தொடர்ச்சியாகப் போனாலும் மீறல் இல்லை. அதற்கு மேல் போனால், வழக்கமாகக் கிடைக்கும் ஈடு அந்த மாத வாடகையில் ஒரு தள்ளுபடி.